சுவரில்லாத அறை

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் தாம் படிப்பிக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். குளிரூட்டிய அறை, ஆளுக்கொரு கணினி, அகலமான திரைகள். ஆனால் அவருக்கு ஒரு மனக்குறை. பிள்ளைகள் கீபோர்ட்டைத் தொடுவதில்லையாம். எல்லாக் கட்டளையையும் மௌஸால் தேடித் தேடி அழுத்துகிறார்களாம். ஒரு சின்ன வீட்டின் படத்துக்கே ஒரு பகல் போய்விடுகிறதாம். "நீங்கள் எங்களுக்குப் படிப்பிச்ச மாதிரி ஒருக்காச் சொல்லிக் குடுங்கோ ரீச்சர்" என்றார்.

கதிரைகளுக்குப் பின்னால் மெல்ல நடந்து பார்த்தேன். சற்று நேரத்தில் அவர் என் அருகே வந்து, எல்லாரும் திரையைப் பார்க்க நான் மட்டும் ஏன் பிள்ளைகளின் விரல்களைப் பார்க்கிறேன் என்று கேட்டார். பழக்கதோசம் என்று சொல்லிவிட்டேன். ஜெசிந்தா என்றொரு மாணவி படித்து முடித்துப் போன பிறகுதான் அவர் எங்களிடம் சேர்ந்தவர். அவருக்கு அந்தக் கதை தெரிய நியாயமில்லை. அன்று அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நான் படவரைஞர் வேலை பழகியது கொழும்பில், கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரின் அலுவலகத்தில். மையும் ரேசிங் பேப்பரும் கவராயமுமாகச் சில வருடங்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தோடு அது முடிந்தது. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, இணுவிலில் மாமி வீட்டில் தங்கி வேலை தேடினேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், படவரைஞர்களைப் பயிற்றும் ஒரு சிறிய தனியார் நிறுவனம் இருந்தது. அங்கே உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தேன். அதை நடத்தியவர் சிவபாதம் சேர்.

சிவபாதம் சேர் அரச திணைக்களம் ஒன்றில் பொறியியலாளராக இருந்து முன்கூட்டியே ஓய்வெடுத்தவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, பொக்கற்றில் ஒரேயொரு பேனை. சத்தமாகக் கதைக்கமாட்டார். பாராட்டவும் மாட்டார். மாணவன் படம் கீறும்போது பின்னால் கைகட்டி நிற்பார். தேவையில்லாத கோடு ஒன்று விழுந்தால் பேனையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். அந்தத் தட்டுக்குப் பயந்து பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்திருக்கும். வேலை சரியாக வந்தால் பேனையை மூடிப் பொக்கற்றில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போவார். பேனை மூடும் சத்தத்தைக் கேட்டால் போதும், அந்தப் பிள்ளை அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டு திரியும்.

வெளிநாட்டிலிருந்த அவருடைய நண்பர்கள் சிலர் சேர்ந்து இரண்டு கணினிகளும் படம் வரையும் மென்பொருளும் ஒரு பிரின்ரரும் அனுப்பினார்கள். எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. அவர் கைநூலை வாசிப்பார், நான் கீபோர்ட்டில் அடித்துப் பார்ப்பேன். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிப் போனது. பிறகு படிப்பிக்கத் தொடங்கினோம்.

அவருடைய முறை இதுதான். கணினியில் இருக்க முதல் மாணவர் ஒரு கடதாசியில் படத்தைக் கையால் கீறி, எந்தக் கோட்டில் தொடங்கி எந்தக் கோட்டில் முடிப்பேன் என்று சொல்லவேண்டும். இடக்கை கட்டளைகளுக்கு, வலக்கை எண்களுக்கு. கண் கைக்குப் போகக்கூடாது. ஒரு தரம் கீறியதைத் திரும்பக் கீறக்கூடாது, பிரதி எடுக்கவேண்டும். சுவரை இரண்டு கோடாகக் கீறுபவனை அவர் மன்னிக்கமாட்டார். ஒரு கோடு கீறு, அதே கோட்டை இருநூற்றிருபத்தைந்து மில்லிமீற்றர் தள்ளிப் பிரதி எடு, சுவர் வந்துவிட்டது. எங்கள் ஊர் வீட்டுச் சுவர்கள் ஒன்பது அங்குலம், அதுதான் அந்த இலக்கம். எங்களிடம் படித்த எவரை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டு, இரண்டு, ஐந்து என்று விரல் போகும்.

தொண்ணூறில் யுத்தம் திரும்பத் தொடங்க மின்சாரம் நின்றது. அதற்குப் பிறகு பல வருடங்களுக்குக் குடாநாட்டுக்கு அது வரவேயில்லை. பின்புறக் கொட்டிலில் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. சேர் ஊசிக் குழாயால் சில துளி பெற்றோல் விட்டு அதைக் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. வாரத்தில் ஒருநாள் கொஞ்ச நேரம் ஓடும். அந்த நேரத்துக்குள் எல்லா மாணவரும் ஆளாளாக இருந்து எழும்பவேண்டும்.

மற்ற நாட்களில் என்ன செய்வது? வகுப்பை மூடுவோம் என்றேன் நான். சேர் கேட்கவில்லை. கணினி ஓடாவிட்டாலும் விரல் ஓடட்டும் என்றார். பழுதாகிப்போன கீபோர்ட்டுகளையும் ஓடாத ரீ.வி. பெட்டிகளையும் எங்கெங்கோ தேடி எடுத்தார். போதாததற்குக் காட்போட் மட்டையில் எழுத்துக்களைக் கீறி ஒட்டினோம். மாணவர்கள் இருண்ட திரைக்கு முன்னால் இருந்து, படத்தை மனதில் வைத்துக்கொண்டு முழுப்படத்தையும் அடித்து முடிக்கவேண்டும். பிள்ளைகள் அதற்கு இருட்டுப் பாடம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வகுப்பை வெளியாள் பார்த்தால் பயப்பட்டிருப்பார். பட்டப்பகல். ஒழுங்கையில் ஒரு சைக்கிள் மணி கேட்டாலும் கேட்கும், அவ்வளவு அமைதி. அதற்குள் கீபோர்ட்டுகளின் சத்தம், ஓலைக்கூரையில் தூறல் விழத் தொடங்குவது போல. யாரும் கதைப்பதில்லை. எல்லாரும் கறுத்த கண்ணாடியைப் பார்த்திருப்பார்கள். அதில் அவர்களுடைய முகம்தான் தெரியும். முகத்துக்குப் பின்னால் நானும் தெரிவேன். நடுநடுவே சேரின் பேனைத் தட்டு. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, நாங்கள் ஏதும் செபம் செய்கிறோமா என்று கேட்டார்.

திரையில் எதுவும் வராதபோது பிழை திருத்துவது எப்படி? விரலைப் பார்த்துத்தான். எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து, சில மாதங்களில் எனக்கு அது வாசிக்க வந்துவிட்டது. காது கேளாதவர் உதட்டை வாசிப்பது போல. கோடு, தூரம், கோணம், அடுத்த கோடு. பின்னால் நின்றால் படம் என் மனதில் தானாக வளரும். சேருக்கு அது முதலே வந்திருந்தது. அந்த அறையில் இல்லாத படங்களை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நடந்தோம்.

ஜெசிந்தா அந்த நாளில் வந்து சேர்ந்தவள். குருநகர்ப் பிள்ளை. தகப்பன் அந்தோனிப்பிள்ளை கடற்தொழில் செய்பவர். கெட்டிக்காரி என்றால் அப்படி ஒரு கெட்டிக்காரி. வாயும் சும்மா இராது. அடுத்த பிள்ளைக்கு விழும் பேனைத் தட்டுக்கு இவள் சிரிப்பாள். சேர் அவளுடைய மேசையில் அடிக்கடி பேனையை மூடினார்.

ஒருநாள் முற்பகல் குண்டுவீச்சு விமானம் வந்தது. நாங்கள் மேசைகளுக்குக் கீழே படுத்திருந்தோம். கரையோரப் பக்கமாகச் சத்தம் கேட்டது. புகை எழும்பிய திசையைப் பார்த்துவிட்டு ஜெசிந்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளுடைய வீடு விழுந்திருந்தது. சமையல் செய்யும் குசினி இருந்த இடத்தில் தாயின் உடலை எடுத்தார்கள். தகப்பன் அன்று தொழில் அலுவலாகப் பருத்தித்துறைப் பக்கம் போயிருந்தபடியால் தப்பினார். தமையன் றெஜி அதற்கு முதல்நாள்தான் வன்னிக்கு வேலை தேடிப் போகிறேன் என்று அயலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டுக் கிளாலிக் கடலால் படகில் போக வெளிக்கிட்டவன். அவனாவது தப்பினானே என்று சனம் சொன்னது.

இரண்டு மூன்று கிழமை கழித்து அந்தோனிப்பிள்ளை மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். இருவரும் கொழும்புத்துறையில் அவளுடைய சின்னம்மா வீட்டில் இருந்தார்கள். அவள் அன்றிலிருந்து ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்றார். ஆஸ்பத்திரியில் காட்டினாராம், நாள் போகச் சரிவரும் என்றார்களாம். சின்னம்மா வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இங்கே வந்தாலாவது மனம் மாறும் என்று கேட்டார். சேர் கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் தகப்பன் கொண்டுவந்து விடுவார், பின்னேரம் வந்து ஏற்றிக்கொண்டு போவார். கேற்றடியில் நிற்கும்போது என்னுடன் கதைப்பார். கதை எப்போதும் மகனைப் பற்றியது. கிளாலியால் போகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லியனுப்புகிறார், தாய் செத்த சேதியை அவனுக்குச் சொல்லுங்கள் என்று. கண்டதாக ஒருவரும் வந்து சொல்லவில்லை. "வன்னி பெரிய இடம் ரீச்சர். எங்கையாவது நிப்பான்" என்பார்.

ஜெசிந்தா மூலையில் ஒரு பழைய கீபோர்ட்டுக்கு முன்னால் இருந்தாள். துளைகள் உள்ள வட்டத் தட்டு ஒன்றை அந்த வாரப் பயிற்சியாகக் கொடுத்திருந்தேன். கடதாசியை அவளுக்கு முன்னாலும் வைத்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை. கைகளை எடுத்துக் கீபோர்ட்டில் வைத்து அடிக்கத் தொடங்கினாள்.

மற்றப் பிள்ளைகள் அடிப்பதில் இடைவெளி இருக்கும். யோசிப்பார்கள், ஒரு எண்ணைக் கூட்டுவார்கள், திரும்ப அடிப்பார்கள். இவளிடம் அது இல்லை. முன்னால் இருக்கும் ஒன்றைப் பார்த்து எழுதுவது போல ஒரே சீராகப் போனது. கறுத்த திரையில் அவளுடைய முகம் தெரிந்தது. கண்கள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கும் பின்னால் எங்கோ பார்த்தன. சரி, பழைய கெட்டித்தனம் போகவில்லை என்று முதலில் நான் சந்தோசப்பட்டேன்.

சில நாட்களுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. வட்டத் தட்டு கீறுகிறவள் வட்டத்துக்கான எழுத்தை ஒருதரமாவது அடிக்கவேண்டும். அவள் அடிக்கவேயில்லை. அவளுடைய விரல் திரும்பத் திரும்பப் போனது இரண்டு, இரண்டு, ஐந்துக்கு.

அவள் சுவர் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு கடதாசியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். விரல் சொன்னபடி நானும் கீறினேன். வாசல் பக்கத்து இடது மூலையில் தொடங்கியது. முன்விறாந்தை வந்தது. மண்டபம் வந்தது. இரண்டு அறை, பிறகு ஒரு பின்னறை, பக்கத்தில் குசினி. கதவுக்கு இடம் விட்டாள், யன்னலுக்கு இடம் விட்டாள். நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை. ஆனால் அவளுடைய முதுகுக்குப் பின்னால் நின்று அறை அறையாக உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

பின்னறை முடிந்ததும் அந்த அறைக்குள் இன்னொரு நீள்சதுரம் விழுந்தது. சின்னது. பின்சுவரிலிருந்து இவ்வளவு, பக்கச் சுவரிலிருந்து இவ்வளவு என்று தூரம் கொடுத்து, நாலு கோடு. அதற்கு அவள் இருநூற்றிருபத்தைந்து அடிக்கவில்லை. சுவரில்லை. கதவில்லை. யன்னலில்லை. நாலாவது கோடு முடிந்ததும் கை கீபோர்ட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பிறகு மறுபடி வாசல் பக்கத்து மூலைக்குப் போய் முதற் கோட்டிலிருந்து தொடங்கியது.

அன்று பின்னேரம் வரை அவள் அதையே கீறினாள். அடுத்த நாளும். ஒரு அளவு மாறவில்லை. நான் பிழையாக வாசிக்கிறேனோ என்று புதிய கடதாசியில் புதிதாகக் கீறிப் பார்த்தேன். முந்திய கடதாசிக்கு மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கோட்டுக்கு மேல் கோடு விழுந்தது.

சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் எழும்பி வந்து அவளுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். பேனை கையில் இருந்தது. தட்டவில்லை. மூடவும் இல்லை. முழு வீடும் முடிந்து கை அந்தரத்தில் நிற்கும் மட்டும் பார்த்தார். பிறகு என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். என் கடதாசியை வாங்கி மேசையில் விரித்தார்.

"நீர் வாசிச்சது சரிதான். நானும் இதைத்தான் வாசிச்சனான்" என்றார். சின்ன நீள்சதுரத்தில் விரலை வைத்தார். "அளவைப் பாரும். இரண்டு பேர் நெருக்கிக் குந்தியிருக்கிற அளவு."

எங்கள் வீட்டு முற்றத்திலும் அந்த அளவில் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் அப்போது, குண்டுக்கு இறங்கிப் பதுங்கும் பங்கர் இல்லாத வீடு இல்லை.

அவர் பேனையைக் கடதாசிக்குப் பக்கத்தில் வைத்தார். வாய்பேசாத ஒரு பிள்ளையின் விரலை வைத்துக்கொண்டு ஒரு தகப்பனிடம் என்ன சொல்வது என்று கேட்டார். அதற்குள் ஆள் இருக்கலாம் என்று நாங்கள் நினைப்பது பிழையென்றால் அந்த மனிசனுக்கு வீணாக ஒரு நெருப்பைக் கொடுத்தவர்களாவோம். சரியென்றால் அதைவிடப் பெரிய நெருப்பு. பேசாமல் விடுவோமா என்று நான் கேட்டேன். அவர் யன்னலால் கேற்றைப் பார்த்தார். அந்தோனிப்பிள்ளை நேரத்தோடு வந்து சைக்கிளோடு நின்றார்.

"அவர் ஒவ்வொரு நாளும் கிளாலிக்குச் சேதி அனுப்புறார்" என்றார் சேர். "கூப்பிடும்."

அந்தோனிப்பிள்ளை படத்தைப் பார்த்த உடனே அது தன்னுடைய வீடு என்றார். விறாந்தையில் விரலை வைத்து, மண்டபத்தால் போய், குசினியில் நின்றுவிட்டார். யார் கீறியது என்று கேட்டார். மகள் என்றேன். அவருக்குச் சந்தோசம். சேர்தான் மெதுவாகப் பின்னறையைக் காட்டினார். இதில் ஏதும் பங்கர் கிங்கர் வெட்டியிருந்ததா என்று கேட்டார்.

"இல்லை சேர். எங்கடை பங்கர் முற்றத்திலை. பின்னறையிலை நிலம் சீமெந்து. என்ரை கையாலை போட்ட சீமெந்து, அதை உடைக்க நான் விடுவனோ?"

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். முகம் மெல்ல மெல்ல மாறியது. அவருடைய மனிசிக்கு முழங்காலில் வருத்தம், சத்தம் கேட்டால் முற்றத்துக்கு ஓடமுடியாது என்று மகன் பலதரம் சொன்னவன். உள்ளுக்கு ஒன்று வெட்டுவோம் என்று கேட்டவன். இவர் சம்மதிக்கவில்லை. பிறகு தொழிலுக்கென்று கொஞ்சநாள் பருத்தித்துறையில் தங்கிவிட்டு ஒருமுறை வந்தபோது, பின்னறைக் கட்டில் இடம் மாறியிருந்தது. பாய் ஒன்று நிலத்தில் விரித்திருந்தது. ஏன் என்று கேட்க மனிசி சிரித்ததாம். தாயும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்தார்களாம்.

"அவன் போயிட்டான் ரீச்சர்" என்றார் என்னைப் பார்த்து. "கிளாலியாலை போயிட்டான். எல்லாருக்கும் சொல்லிப்போட்டுத்தான் போனவன்."

அவன் படகு ஏறியதைக் கண்டவர் யாரும் உண்டா என்று சேர் கேட்டார். அந்தோனிப்பிள்ளை எழும்பி, நாளைக்கு என்னோடு வந்து பாருங்கள் என்றார்.

அடுத்த நாள் காலை மகளை வழமைபோல வகுப்பில் விட்டார். மூத்த மாணவி சுகந்தியை வகுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு நானும் சேரும் அவரோடு குருநகருக்குப் போனோம். அந்தப் பகுதியில் சனம் இல்லை. எல்லாரும் இடம்பெயர்ந்துவிட்டார்கள். காயவைத்த வலை ஒன்று யாரும் எடுக்காமல் கம்பியில் தொங்கியது. காற்றுக்கு அது அசைந்ததைத் தவிர வேறு அசைவு இல்லை. நான் ஒழுங்கையால் நடந்து போக, வீடுகளின் அடுக்கு எனக்குப் பழகிய மாதிரி இருந்தது. அவருடைய வளவுக்குள் காலை வைத்ததும் நான் விறாந்தைக்கு ஏறும் இடத்தில் தானாகப் படியேறுவது போலக் காலைத் தூக்கினேன். அங்கே விறாந்தை இல்லை. கல்லும் ஓடும்தான் கிடந்தன.

முன்சுவரின் இடது மூலை மட்டும் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. ஜெசிந்தா எப்போதும் தொடங்கும் மூலை. சேர் அந்த மூலையில் அளவு நாடாவின் நுனியை வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். கடதாசியைப் பார்த்துப் பார்த்து இடிபாட்டுக்கு மேலால் நடந்தார். வெள்ளைச் சட்டை, முழுக்கை, கல்லுக்குக் கல் கால் வைத்து. நாடா மண்டபத்தால் போனது, பின்னறைக்குள் போனது. அவர் அங்கே நின்று செங்கோணம் பார்த்து நாலு இடத்தில் நாலு தடியை நட்டார். வகுப்பில் எப்படியோ அப்படியே. ஒரு அங்குல வித்தியாசத்துக்காக இரண்டாம் தரம் அளந்தார்.

அந்தோனிப்பிள்ளையின் சொந்தக்காரர் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். கூரை மரத்தையும் சுவரையும் தூக்கிப் போட்டார்கள். அதற்குக் கீழே உடைத்த சீமெந்தின் விளிம்பு. அதற்குள் பங்கரை மூடிய பனங்குற்றிகள், ஒன்றோடொன்று நெருக்கி. தடிகள் நட்ட கோட்டுக்குள்ளேயே இருந்தன. நான் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

றெஜி அங்கே இருந்தான். அவன் மேல் ஒரு கல்லும் விழவில்லை என்றார்கள். குழியின் வாயைச் சுவர் விழுந்து அடைத்திருக்கிறது. தாயைத் தாங்கி இறக்குவதற்காக அவன் முதலில் இறங்கியிருக்கவேண்டும், தாய் குசினியிலிருந்து வர முந்திக் குண்டு விழுந்திருக்கிறது. பயணத்துக்குக் கட்டிய பையும் பக்கத்தில் கிடந்தது. ஒருநாள் பிந்திப் போவோம் என்று நினைத்திருக்கிறான்.

அந்தோனிப்பிள்ளை அழவில்லை. மகனைத் துணியால் சுற்றிய பிறகு என்னிடம் வந்தார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னார்.

"நீங்கள் வராமல் விட்டிருந்தால் அவன் வன்னியிலை இருந்திருப்பான்."

பின்னேரம் வகுப்புக்குத் திரும்பினோம். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சுகந்தி வாசலில் நின்றாள். ஜெசிந்தா அன்று முழுக்க அடிக்கவில்லை என்றாள். காலையில் வழமைபோலத் தொடங்கினாளாம். மத்தியான மணிக்கு முந்தி, பாதி வீட்டில், இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தாளாம். அதற்குப் பிறகு கீபோர்ட்டைத் தொடவேயில்லை. நாங்கள் பனங்குற்றிகளைக் கண்டதும் அந்த நேரமாகத்தான் இருக்கவேண்டும். நான் மணிக்கூடு பார்க்கவில்லை. நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

சேர் அவளுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். அவர் மாணவர் முன்னால் இருந்ததை நான் கண்டது அன்றுதான். தமையனை எடுத்துவிட்டோம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு அழத் தொடங்கினாள், சத்தமில்லாமல்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் அவள் வரவில்லை. திரும்பி வந்தபோது கொடுத்த பயிற்சியைச் செய்தாள். வட்டம் என்றால் வட்டம். விரல்கள் பழைய வேகத்துக்கு வந்தன. ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை. அந்தக் குழியைத் தமையனோடு சேர்ந்து வெட்டியவள் அவள். மண் சுமந்தவள். அண்ணன் அன்று காலை வீட்டில் நின்றதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த ஒன்றைத் தனக்கே சொல்லமுடியாமல் இருந்தாளா, விரல் மட்டும் சொன்னதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவளுடைய முகத்தைப் பார்த்தால் கேட்க மனம் வராது.

மாரி முடிந்த பிறகு ஒருநாள் அந்தோனிப்பிள்ளை அலுவலக அறைக்கு வந்தார். வீட்டின் படம் ஒன்று வேண்டும் என்றார். அதே இடத்தில் திரும்பக் கட்டப்போகிறாராம். எப்போது என்று தெரியாது, கட்டுவதென்றால் அதே வீடாகத்தான் கட்டவேண்டும். என் பென்சில் படத்தைத் தரட்டுமா என்று கேட்டேன். அதை எடுக்க அவர் கை நீளவில்லை. மகள் கீறட்டும் என்றார்.

சேர் அந்த வாரத்து மண்ணெண்ணெய் முழுவதையும் அதற்கு விட்டார். ஜெனரேற்றர் கிளம்பியது. திரை வெளித்தது. ஜெசிந்தா கதிரையில் இருந்தாள், தகப்பன் பின்னால் நின்றார், அவருக்குப் பின்னால் நானும் சேரும். வாசல் பக்கத்து இடது மூலை. விரல் போக, இந்த முறை கோடும் வந்தது. நான் மனதில் மட்டும் பார்த்த வீடு பச்சைக் கோடுகளாக என் கண்முன்னால் எழும்பியது. விறாந்தை, மண்டபம், அறைகள், குசினி. தகப்பன் ஒரு இடத்தில், யன்னல் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் பிள்ளை என்றார். அவள் தள்ளி வைத்தாள்.

பின்னறை முடிந்தது. விரல்கள் சற்று நின்றன. பிறகு அந்த நாலு கோடும் விழுந்தன. சுவரில்லாத சின்ன அறை.

அந்தோனிப்பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்டது.

"அது வேண்டாம் பிள்ளை" என்றார். "அதை விடு."

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்த ரேசிங் பேப்பர்கள் போலப் படத்தைப் பல தாள்களாகக் கீறலாம். ஒரு தாளை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் நிறுத்தி வைக்கலாம். கோப்பில் அது அப்படியே இருக்கும், திரையிலும் கடதாசியிலும் வராது. அவள் அந்த நாலு கோட்டையும் தொடக்கத்திலேயே தனித்தாளில் கீறியிருந்தாள். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. இடக்கை நாலைந்து எழுத்தைத் தட்டியது. குழி மறைந்தது. பின்னறை வெறும் பின்னறையாக நின்றது.

தகப்பன் குனிந்து திரையைக் கிட்டப் பார்த்தார். அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அழிச்சுப்போட்டியோ?" என்று கேட்டார். அவர் குரலில் திடீரென்று ஒரு பயம்.

ஜெசிந்தா கதிரையில் திரும்பினாள். குரல் கரகரத்தது, துருப்பிடித்த பூட்டுத் திறப்பது போல.

"இல்லையப்பா. உள்ளுக்குக் கிடக்கு. தெரியாமல் வைச்சிருக்கிறன்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் கதைத்த முதல் சொல். பின்கொட்டிலில் ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. சேர் பிரின்ரரில் கடதாசியைக் கொழுவினார். அது கரகரவென்று வீட்டை வரி வரியாக அச்சடிக்கத் தொடங்கியது. அந்தோனிப்பிள்ளை கடதாசியின் பக்கம் திரும்பவில்லை. பின்னறை நடுவே ஒன்றுமில்லாத அந்த இடத்தில் வைத்த விரலை எடுக்காமல், திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.